தட்டு டீச்சரும் பந்தலில் ஏறிய தகப்பனும்

ராஜபாளையத்தில் தட்டு டீச்சரைக் கண்டு பயப்படாத தகப்பன் ஒருவன் இருக்கிறான் என்றால், அவனுக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை என்று அர்த்தம். போலீஸ் ஜீப் வந்தால் வேடிக்கை பார்க்க வெளியே வருகிற தெரு, டீச்சரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும். கதவைச் சாத்தியும் பிரயோஜனம் இல்லை. அவர் மேளத்தோடு வருவார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. தட்டு டீச்சர் என்றால் ஆட்டோக்காரன் மீட்டர்கூடப் பேசாமல் கொண்டுபோய் விடுவான்; அவன் பிள்ளையும் அங்கேதானே படிக்கிறது.

ஆள் நெடுநெடுவென்று பனைமரம் மாதிரி இருப்பார். கஞ்சி போட்ட காட்டன் சேலை, காலில் விளையாட்டுப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூ, தலையில் ஹெல்மெட். ஸ்கூட்டரை விட்டு இறங்கினாலும் அந்த ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். ஹெல்மெட்டோடு காபி குடிப்பார், ஹெல்மெட்டோடு கைகூப்புவார். வகுப்பில் வரலாறு நடத்தும்போதாவது கழற்றுவாரா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். “அப்ப மட்டும் மேசைல இருக்கும் தாத்தா” என்றது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த விஷயம் உங்களுக்குப் புரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் ஐந்தாவதில் பாதி. இரண்டு டியூப்லைட்டையும் ஒரு சுருள் வயரையும் வைத்துத் தொழில் ஆரம்பித்தேன். இன்றைக்கு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எந்தக் கல்யாணத்திலாவது நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், அது என் நாற்காலி. பந்தல், மேடை, மைக் செட், சீர்வரிசைத் தட்டு, நாதஸ்வரம் வரைக்கும் என்னிடம் ஒரே போனில் முடியும். இன்ஜினியர் படித்த இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதில் ஒருவன் என் மகன்.

எனவே, படிக்காமல் ஒருவன் முன்னுக்கு வர முடியுமா என்று கேட்டால் ஊரே என் கடைப் பக்கம் கையைக் காட்டும். டீச்சருக்கும் எனக்கும் முதல் சண்டை வந்ததே அதில்தான்.

ஒரு நாள் ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார்.

“அண்ணாச்சி, உங்களால எனக்குப் பெரிய தொந்தரவா இருக்கு.”

“நான் என்ன டீச்சர் செஞ்சேன்?”

“எந்த வீட்ல போயி புள்ளைய ஏன் நிப்பாட்டிட்டீகன்னு கேட்டாலும், ‘பந்தல் மொதலாளி அஞ்சாங்கிளாஸ்தான, அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு’ங்காக.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “உண்மையத்தான சொல்லியிருக்காக” என்றேன்.

“உங்க கூட அஞ்சாங்கிளாஸ்ல உக்காந்திருந்தவுக எல்லாம் இப்ப எங்க அண்ணாச்சி?”

யோசித்துப் பார்த்தேன். “ஒருத்தன் மில்லுல வாட்ச்மேனு. ஒருத்தன் லோடு ஏத்துதான். ரெண்டு மூணு பேரு நம்மகிட்டதான் கம்பு நட்டுக்கிட்டு இருக்காக.”

“மொதலாளி ஆனது எத்தன பேரு?”

“நான் மட்டுந்தான்.”

“அதைத்தான் சொல்ல வாரேன்” என்றார் டீச்சர். நானும் அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னைப்போல் ஒருத்தன்தான் என்று. அதே பேச்சு அவர் வாயில் வந்தபோது ஏனோ வேறு மாதிரி இருந்தது.

சண்டை போட வந்தவர் போகும்போது ஏழு சீர்த்தட்டு வாடகைக்குக் கேட்டார்.

“யாருக்குக் கல்யாணம் டீச்சர்?”

“கல்யாணம் இல்ல. ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ரெண்டு வாரமா பள்ளிக்கூடம் வரல. அழைக்கப் போறேன்.”

எனக்கு இந்த அம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று சந்தேகம். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அவர் சாவகாசமாக விளக்கினார். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே பல தடவை போய்விட்டாராம். போகும்போதெல்லாம் நாற்காலி போடுவார்களாம், கலர் வாங்கித் தருவார்களாம், “அனுப்புறோம் டீச்சர்” என்பார்களாம். மறுநாள் பையன் அப்பாவின் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பானாம்.

“வாய்ல சொன்னா வாயோட போயிருது அண்ணாச்சி. நம்ம ஆளுக எதுக்குக் கட்டுப்படுவாகன்னு யோசிச்சேன். தாம்பூலத்துக்குத்தான்.”

அது நிஜம். நம் பக்கத்தில் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணின நிலத்துக்குக்கூட மறுநாள் தகராறு வரும். ஆனால் நாலு பேர் பார்க்கத் தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு மாறினவனுக்கு அந்தத் தெருவில் தண்ணீர்கூடக் கிடைக்காது. தாம்பூலம் எத்தனை கெட்டியான சமாச்சாரம் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? என் தட்டில் மாற்றின சம்பந்தம் எதுவும் இதுவரை முறிந்ததில்லை. அப்புறம் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் அதற்குத் தட்டுக்காரன் பொறுப்பில்லை.

அன்றைக்கு என் மேஸ்திரி கருப்பையாவைத் துணைக்கு அனுப்பினேன். பந்தல் போடுவதில் என் வலது கை அவன். முதல் தட்டை அவன்தான் தூக்கினான். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் ஒரு தட்டில், புதுச் சீருடை ஒன்றில், புத்தகம் ஒன்றில், லட்டு ஒன்றில். முன்னால் நாதஸ்வரம், தவில். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. “யாரு வீட்டுக்கு பொண்ணு கேட்டு வாராக?” என்று கேட்டுக்கொண்டே பெண்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பையனின் அப்பா மேளச் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் முகம் கழுவிச் சட்டை மாட்டி, தட்டையும் இரண்டு கையால் வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் கேட்டார்.

“என்ன விசேஷம் டீச்சர்?”

“உங்க மகன எங்க பள்ளிக்கூடத்துக்குக் கேட்டு வந்திருக்கோம். பன்னெண்டு முடியிற வரைக்கும் எங்களுக்குத்தான்.”

“அய்யோ டீச்சர், இது தெரியாம...”

“தாம்பூலம் வாங்கியாச்சு அண்ணே. இனிமே நம்ம சம்பந்தி மொறை. உங்க பக்கம் கண்டிஷன் என்னன்னு சொல்லுங்க.”

இதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். வெறுமனே தட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர் இல்லை. சம்பந்தி வீட்டில் இரண்டு பக்கமும் பேசுகிற மாதிரி, அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். அந்தத் தகப்பன், காலையில் கடைக்குப் பால் வாங்கி வர ஆளில்லை என்றார். மறுநாளிலிருந்து டீச்சரின் ஸ்கூட்டரில் பால் கேன் வந்து இறங்கியது, பக்கத்துத் தெருவில் வேறு ஏற்பாடு ஆகும்வரை. பையன் பத்தாவது தேறி, பன்னிரண்டும் தேறிவிட்டான்.

அதற்குப் பிறகு ஊரில் தினம் ஒரு கூத்து. கிறிஸ்தவர் வீட்டுக்கு ரோஜா மாலையும் கேக்கும் கொண்டுபோவார். அவரே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் இந்து வீட்டுக்குப் போகும்போது குங்குமச் சிமிழைத் தட்டில் சரியான இடத்தில் வைக்கச் சொல்லி என்னையே திருத்துவார். தெலுங்கு பேசுகிற வீட்டுக்குப் போனால் அவருக்குத் தெரிந்த ஒரே தெலுங்குச் சொல்லைப் பிரயோகிப்பார். வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரரைப் பார்த்து “ரண்டி, ரண்டி” என்பார். விருந்தாளி வந்து வீட்டுக்காரனை உள்ளே வா வா என்று கூப்பிடுகிற அதிசயம் வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. அவர்களும் மரியாதைக்காகத் தங்கள் வீட்டுக்குள் தாங்களே முதலில் நுழைந்து, அவரை உட்காரச் சொல்வார்கள்.

ஒரு வீட்டில் தகப்பன் வீம்புக்காரன். மேளச் சத்தம் கேட்டதும் நாயை அவிழ்த்துவிட்டான். நம் ஊர் நாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைவெளேர் என்று கன்றுக்குட்டி உயரம், அந்நியர் வாசனை பட்டாலே தொடையைக் கவ்வும். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தோடு மதில் மேல் ஏறிவிட்டார். டீச்சர் மட்டும் அசையவில்லை. லட்டுத் தட்டை அப்படியே நாயின் முன்னால் வைத்தார். அது ஒன்று தின்றது, அப்புறம் எல்லாவற்றையும் தின்றது, அப்புறம் டீச்சரின் ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“உங்க வீட்ல ஒரு ஆளு தாம்பூலம் எடுத்தாச்சு. இனி நீங்க மாற முடியாது” என்றார் டீச்சர்.

மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போனான். கூடவே நாயும் போய் வகுப்பு வாசலில் உட்கார்ந்துகொண்டது. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு, “ஒரு ஆளத்தானம்மா அழைக்கப் போனீக?” என்று கேட்டதாகக் கேள்வி.

இன்னொரு பையன் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு, கூமாப்பட்டிப் பக்கம் சித்தப்பா வீட்டில் தங்கிக்கொண்டு, அணையையும் தென்னந்தோப்பையும் செல்போனில் படம் பிடித்து ரீல்ஸ் போட்டுக் கோடீஸ்வரன் ஆகப்போவதாகச் சொன்னான். டீச்சர் தட்டுகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அங்கேயும் போனார். ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா வரப்பு மேல் தாம்பூலத் தட்டோடு நடந்து வருவதைப் பார்த்த பையன், அழைக்க வந்தது தன்னைத்தான் என்பதையே மறந்து, அதையும் படம் பிடித்துப் போட்டுவிட்டான். அவன் போட்டதிலேயே அதைத்தான் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. அதற்கப்புறம் அவன் எந்த மலையைக் காட்டினாலும், எந்த அருவியைக் காட்டினாலும், கீழே எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: தம்பி, பள்ளிக்கூடம் போனியா? மலேசியாவிலிருந்துகூடக் கேட்டார்களாம். பொறுக்க முடியாமல் மறு வாரமே பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இத்தனைக்கும் முதல் தட்டைச் சுமந்தவன் என் கருப்பையாதான். போகப் போக டீச்சரைவிட அவன் பேச்சுதான் பெரிதாக இருந்தது. முரண்டு பிடிக்கிற தகப்பனிடம், “தாம்பூலம் வாங்கிட்டு பேச்சு மாறுறவனெல்லாம் ஒரு ஆம்பளையாவே?” என்று மீசையை முறுக்குவான்.

அப்படிப்பட்டவன் வீட்டிலேயே அது வந்தது.

போன தை மாதம், கருப்பையாவின் சம்சாரம் ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். வீட்டில் கைக்குழந்தை வேறு. மகள் முத்துமாரிக்கு அப்புறம் வெகுநாள் கழித்துப் பிறந்த ஆண் பிள்ளை. அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றவும் குழந்தையைப் பார்க்கவும் வேறு ஆள் இல்லை என்று முத்துமாரி பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். பிளஸ் டூ. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்குப் போகாவிட்டால் அந்த வருஷமே போச்சு. அந்த வருஷம் போனால் அப்புறம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்காது என்பது டீச்சருக்கும் தெரியும், கருப்பையாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை டீச்சர் என் குடோனுக்கு வந்தார். கருப்பையா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க டீச்சர். இன்னிக்கு யாரு வீட்டுக்கு?”

“உங்க வீட்டுக்குத்தாண்ணே.”

கையிலிருந்த தட்டு கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்பதற்குள் கருப்பையா பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அன்று ராத்திரி அவன் வீட்டுக்கும் வரவில்லை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு பெரிய கல்யாண வரவேற்புப் பந்தல். விடியும் முன்பே அங்கே போய் ஏறிக்கொண்டான்.

தாம்பூலத்திலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. கை காலியாக இருக்கக் கூடாது. கை வேலையாக இருக்கிறவனிடம் தட்டை நீட்டுவது முறையில்லை. இதை டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். பந்தலின் உச்சிக் கம்பில் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி கால் போட்டுக்கொண்டு, சவுக்குக் கட்டைகளில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான். நான் காரில் போய் இறங்கினபோது டீச்சர் கீழே என் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார், முன்னால் தட்டுகள். சாயங்கால வரவேற்புக்கு வந்திருந்த என் நாதஸ்வரமும் தவிலும் வேடிக்கை பார்த்தபடி பக்கத்தில்.

“கருப்பையா அண்ணே, செத்த நேரம் எறங்கி வாங்க.”

“கை வேலையா இருக்கு டீச்சர்.”

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“அது ஆகும் டீச்சர். திங்கக்கெழம வரைக்கும் ஆகும்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். “ஏலே, அந்த முடிச்ச நேத்தே போட்டாச்சேலே.”

“லூசா இருக்கு மொதலாளி.”

“லூசு முடிச்சு இல்லலே. எறங்கி வா. மேடைக்கு துணி கட்டணும்.”

“அவிய போகட்டும். பொறவு வாரேன்.”

ஒரே கட்டையில் அவன் சுற்றின கயிற்றை வைத்து ஒரு தேரை இழுத்திருக்கலாம். மத்தியானம் ஆனது. பசி வந்துவிட்டது போல. மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்கி, “யாராச்சும் அந்தப் புளிச்சோத்த வைங்கப்பா” என்றான். வாளியைப் பிடித்தது டீச்சர். வாளி மேலே போனது. எட்டிப் பார்த்தான். சோற்றுப் பொட்டலத்தின் மேல் வெற்றிலையும் பாக்கும் பழமும் அழகாக அடுக்கியிருந்தன. தேளைப் பார்த்தவன் மாதிரி வாளியை அப்படியே கீழே இறக்கிவிட்டான். சோறும் போச்சு.

“பட்டினியா கெடக்காதீகண்ணே” என்றார் டீச்சர்.

“நான் கெடந்துக்கிடுறேன். நீங்க வீட்டுக்குப் போங்க.”

டீச்சர் எழுந்தார். சேலையை இழுத்துச் செருகினார். வெற்றிலைத் தட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

நான் ஏணிப் பக்கம் ஓடினேன். “டீச்சர், வேண்டாம். அது கூலி ஆளுகளே பாத்து ஏறுற ஏணி. விழுந்து தொலைச்சீகன்னா நான் என்ன செய்யட்டும்?”

“இது எதுக்கு இருக்கு?” என்று ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினார்.

அந்த வயதில், அந்தச் சேலையில், ஒரு கையில் தட்டோடு. நான் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னை இந்த ஊரில் யாரும் ஏணி பிடித்துப் பார்த்ததில்லை; எனக்கு ஏணி பிடிக்க ஆள் போட்டிருக்கிறேன். கருப்பையாவுக்குக் கை எட்டுகிற உயரம் ஏறியிருப்பார், தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது. நேரே கீழே வந்து தவிலின் மேல் விழுந்து டும்மென்றது. தவில்காரர், தான் அடிக்காமலே தவில் பேசுகிறதே என்று எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நான் துள்ளியதில் ஏணி ஒரு குலுங்கு குலுங்கியது. டீச்சரின் ஷூ ஒன்று படியை விட்டு விலகியது.

“கருப்பையா அண்ணே, புடிங்க.”

கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான் கருப்பையா. அவன் பிடித்தது தட்டை. தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு டீச்சர் சமாளித்து நின்றார். இருவருக்கும் நடுவில் வெற்றிலை பாக்கு.

நாதஸ்வரக்காரர் தொழில் சுத்தமான ஆள். தட்டு கை மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கை தானாக வாத்தியத்துக்குப் போய்விடும். கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மேளம் நின்றதும் கருப்பையா சொன்னான்.

“இது மொறை இல்ல டீச்சர். விழப் போறீகளேன்னு புடிச்சேன்.”

“நானும் ஒரு புள்ள விழப்போகுதேன்னுதாண்ணே புடிக்க வந்தேன்.”

அவன் தலை குனிந்துகொண்டான். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? எம்புட்டு பேரு வீட்டுக்கு நானே தட்டு தூக்கியிருக்கேன். சம்பந்தி மொறைன்னா எங்க பக்கத்துக்கு பதில் சொல்லுங்க. கைப்புள்ளைய யாரு பாக்க? படுத்துக் கெடக்குறவளுக்கு யாரு கஞ்சி ஊத்த?”

ஏணியின் மேல்படியில், வேர்த்து வடிகிற முகத்தோடு டீச்சர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுகிற வழக்கம் இல்லை. “ஏலே கருப்பையா, புள்ளைய பகல்ல நம்ம குடோன்ல போடுலே. நான் பாத்துக்கிடுறேன். கஞ்சி எங்க வீட்லருந்து போகும். ரெண்டு பேரும் மொதல்ல கீழ எறங்குங்க, எனக்கு கை வலிக்கு.”

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் என் சம்சாரம் கரண்டியைக் கீழே வைத்தாள். “கஞ்சி நான் வைக்கேன். புள்ளைய யாரு பாப்பா?”

“நான்தான்.”

“நீங்களா? நம்ம மூணு புள்ளைகள்ல ஒண்ணையாவது தூக்கியிருக்கீகளா?”

“அப்ப தொழில் இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்ப வாக்குக் கொடுத்துட்டேன்.”

திங்கட்கிழமை முத்துமாரி செய்முறைத் தேர்வுக்குப் போகும் வழியில் தம்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். குடோன் உத்தரத்தில், அடுக்கின நாற்காலிகளுக்கு நடுவில், மேடைக்குக் கட்டுகிற பட்டுத் துணியிலேயே தூளி கட்டினேன். ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட அப்படிப்பட்ட தூளி கிடையாது. பயல் காலையில் ஆரம்பித்தால் கேட்கிறவர் காது கிழியும். பால் கொடுத்தேன், ஆட்டினேன், பாடிக்கூடப் பார்த்தேன்; பாடினதும் அழுகை கூடியது. கடைசியில் என் இன்ஜினியர் மகன் மைக் செட்டைச் சரிபார்க்க, “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்றான். பயல் கப்பென்று நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு பொதுத்தேர்வு முடிகிற வரைக்கும், கடைக்கு வருகிறவர்கள் முன்னால் நான் கையில் மைக்கோடு உட்கார்ந்து, நிமிஷத்துக்கொரு தரம் ஒன், டூ, த்ரீ சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலம் அத்தனையும் அந்தப் பிள்ளைக்கே செலவாயிற்று.

தினமும் சாயங்காலம் டீச்சர் வருவார். தூளியை எட்டிப் பார்ப்பார். “சம்பந்தி தூங்குறாரா?” என்பார். முத்துமாரி அன்றைக்குப் பள்ளிக்கூடம் வந்தாள் என்று சொல்லிவிட்டுப் போவார்; அதைச் சொல்வதற்காகவே வருவார் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. முத்துமாரி பாஸ். நல்ல மார்க். நர்சிங்குக்குப் போகிறாள், இப்போது முதல் வருஷம். ரிசல்ட் வந்த அன்றைக்குக் கருப்பையா பிள்ளைகளோடும் பால்கோவா டப்பாக்களோடும் குடோனுக்குள் வந்தவன், என் காலில் விழ வந்து, இன்னும் அவிழ்க்காத தூளிக் கயிறு தடுக்கி நாற்காலி அடுக்கில் விழுந்தான். அக்காள் இடுப்பிலிருந்த பயல் சிரித்தான். எல்லாரும் ஆளுக்கொரு வாய் பால்கோவாவோடு நிற்கிறபோது ஸ்கூட்டர் சத்தம்.

“அண்ணாச்சி, அஞ்சு தட்டு வேணும்.”

“எடுத்துக்கோங்க டீச்சர். நம்ம முத்துமாரி வீட்டுக்குத்தான? நானே மேளத்துக்கும் சொல்லிடுறேன்.”

டீச்சர் பால்கோவாவைக் கையில் வாங்கிக்கொண்டார், வாயில் போடவில்லை.

“பாஸான வீட்டுக்கு எல்லாரும் போவாக அண்ணாச்சி. அவ கிளாஸ்ல ரெண்டு பேரு ஃபெயிலு. ஒருத்தன் வீட்ல காலைலருந்து ஒருத்தரும் அவன்கூடப் பேசலையாம். சாயங்காலம் திருப்பூர் பஸ்ஸுக்குப் பை எடுத்து வச்சிட்டான். துணைத்தேர்வு அடுத்த மாசந்தான். அவன் ஏறிட்டான்னா எறங்க மாட்டான்.”

“மேளம்?”

“ஃபெயிலான வீட்டுக்குத்தான் இன்னிக்கு மேளம் வேணும். ஆனா மேளக்காரக ரெண்டு பேரும் சிவகாசில கல்யாணத்துக்குப் போயிட்டாகளாம். பரவால்ல, நான் போயிட்டு வாரேன்.”

கருப்பையா ஏற்கெனவே ஒரு தட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். முத்துமாரி தம்பியை இடுப்பில் வைத்தபடியே பால்கோவா டப்பாவை ஒரு தட்டில் வைத்து எடுத்தாள். டீச்சர் வெளியே போய்விட்டார். ஸ்கூட்டரை எடுக்கவில்லை, நடந்தே போகிற தூரம்தான் போல. உச்சி வெயில். தார் ரோடு பளபளவென்று உருகிக் கிடந்தது. அந்த வெள்ளை ஷூவும் ஹெல்மெட்டுமாக, கையில் ஒரு தட்டோடு, யாரும் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் போய்க்கொண்டிருந்தார்.

நான் முதலாளி. சீர்த்தட்டு வாடகைக்குக் கொடுப்பேனே தவிர, சுமந்ததில்லை. மிச்சம் இருந்த தட்டில் வெற்றிலையை அடுக்கி எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். “எங்கப்பா கிளம்பிட்டீக, இந்த வெயில்ல?” என்றான் மகன்.

அந்த வெயிலில் அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.